மாரிக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

தொழில் தொடங்குவோர் கேள்வி பதில்

திருகோணமலைப் பட்டினத்தில் பொலித்தீன் பை, போத்தல், மூடி, லேபல், சீல் மெஷின் விற்கும் கடை என்னுடையது. மிக்சர், அரிசிமா, ஊறுகாய், கருவாடு என்று இந்த மாவட்டத்தில் எதையாவது புதிதாகச் செய்து விற்க நினைக்கிற பலர் என் கடைக்கு வந்துதான் முதல் கட்டுப் பையை வாங்குகிறார்கள். இரண்டாவது கட்டு வாங்க வருகிறவர்கள் கொஞ்சப் பேர்தான். அந்த இரண்டு கட்டுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். இம்முறை நான்கு கடிதங்கள்.

கேள்வி: அக்கா, என் கணவர் கட்டாரில் இருந்து வந்துவிட்டார். கையில் 40 இலட்சம் இருக்கிறது. நிலாவெளியில் கடலுக்குக் கிட்ட ஒரு காணியைப் பத்து வருடக் குத்தகைக்கு எடுத்து, மூன்று அறை கட்டி, சுற்றுலாக்காரருக்கு விடலாம் என்கிறார். ஆடி, ஆவணியில் அங்கே அறையே கிடைப்பதில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். துணிந்து இறங்கலாமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, ஆடி ஆவணியில் அறை கிடைப்பதில்லை என்பது உண்மைதான். கார்த்திகையில் ஒரு நாள் கணவரையும் கூட்டிக்கொண்டு அதே நிலாவெளிக்குப் போய் நின்று பாருங்கள். வாடைக் காற்று, மழை, கொந்தளிக்கிற கடல். புறாத்தீவுக்குப் படகு விட மாட்டார்கள். பல இடங்களில் கேற்றில் பூட்டுத் தொங்கும். பூட்டாமல் இருக்கிற இரண்டொரு இடத்தில் உள்ளே போய் முதலாளியிடமே கேளுங்கள்: கரண்ட் பில், காவல்காரர் சம்பளம், வங்கித் தவணை எல்லாம் இந்த மாதம் எங்கிருந்து வருகிறது? ஆடியில் கேட்டால் நேரமில்லை என்பார்கள். கார்த்திகையில் உட்கார வைத்துத் தேத்தண்ணியும் தந்து எல்லாவற்றையும் சொல்வார்கள்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். அறை ஒன்று ஒரு இரவுக்கு 8,000 ரூபா என்று வையுங்கள். வைகாசி முதல் புரட்டாதி வரை 150 இரவு. புதிய இடம், யாருக்கும் தெரியாது, ஆகவே பாதி நாள் நிறைந்தாலே நல்லது. மூன்று அறை, 75 இரவு, 8,000 ரூபா: 18 இலட்சம். இணையத்தில் அறை பிடித்துத் தருகிற தளங்களுக்கு 15 வீதம் கொமிஷன் போனால் மிச்சம் 15 இலட்சத்து 30 ஆயிரம். இதைப் பார்த்து ஐந்து மாதத்தில் பதினைந்து இலட்சமா என்று சந்தோஷப்படுகிறார்கள். பன்னிரண்டால் பிரியுங்கள். மாதம் 1,27,500 ரூபா. இதற்குள்தான் குத்தகை, சம்பளம், கரண்ட், துணி வெளுப்பு, உப்புக் காற்றில் துருப்பிடிக்கிற ஏசி, எல்லாம். உங்கள் வீட்டுச் செலவு அதற்குப் பிறகு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019 சித்திரையில் குண்டு வெடித்தபோது நம் சீசன் அப்போதுதான் தொடங்குகிறது. 2020, 2021 கொரோனா. 2022இல் பெற்றோல் வரிசை. அடுத்தடுத்து நான்கு சீசன் அடி விழுந்தது. கடன்பட்டுக் கட்டியவர்கள் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். சொந்த வீட்டில் இரண்டு அறையை ஒதுக்கி நடத்தியவர்கள் கதவைச் சாத்திவிட்டு வேறு வேலை பார்த்தார்கள். நிலைமை சரியானதும் திரும்பத் திறந்தார்கள்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் காணியைப் பற்றி மூன்று விசயம் பார்க்க வேண்டும். ஒன்று, அது உறுதிக் காணியா, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியா? அனுமதிப்பத்திரக் காணி என்றால் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அதை உங்களுக்குக் குத்தகைக்குத் தர முடியாது. எத்தனை பேர் சாட்சிக் கையெழுத்து வைத்தாலும் அந்தக் கடதாசியை நம்பிக் கட்ட முடியாது. இரண்டு, 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, உயர் நீர்மட்டக் கோட்டில் இருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதென்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். "கடலுக்குக் கிட்ட" என்று நீங்கள் எழுதியிருப்பதால் கட்டாயம் கேளுங்கள். மூன்று, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். பத்து வருடம் முடிய நீங்கள் கட்டிய அறை யாருக்கு என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் காணிக்காரருக்குச் சும்மா வீடு கட்டிக் கொடுத்ததாக முடியும்.

நீங்கள் இருப்பதே உப்புவெளியில். சுற்றுலாக்காரர் நடமாடுகிற இடம். சொந்த வீடாக இருந்தால் ஒரு அறையைச் சுத்தமாகத் திருத்தி, குளியலறை போட்டு, சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்து, முதலில் ஒரு சீசன் நடத்துங்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு வந்து கதவைத் தட்டுகிறவர், தண்ணீர் வரவில்லை என்று கத்துகிறவர், சொல்லாமல் கொள்ளாமல் புக்கிங்கை ரத்துச் செய்கிறவர் என்று எல்லாரையும் சந்தித்த பிறகும் உங்கள் இரண்டு பேருக்கும் இந்த வேலை பிடித்திருந்தால் நிலாவெளியைப் பற்றி யோசிக்கலாம். 40 இலட்சத்தில் 12 இலட்சத்தை எந்தக் காரணத்துக்காகவும் தொடாமல் நிலையான வைப்பில் போடுங்கள். பாலைவன வெயிலில் அவர் உழைத்த காசு அது. ஒரே மாரியில் கரைந்துவிடக் கூடாது.

கேள்வி: அக்கா, நான் நெத்தலிக் கருவாடு போட்டு விற்கிறேன். கிலோ 500 ரூபாவுக்கு மீன் வாங்குகிறேன். நாலு கிலோ காய்ந்தால் ஒரு கிலோ கருவாடு வரும். 100 கிராம் பேக்கற் 300 ரூபா. ஒரு பேக்கற்றில் 100 ரூபா மிஞ்சுகிறது. கொழும்பில் ஒரு கடைக்காரர் மாதம் 500 பேக்கற் கேட்கிறார். அவருக்கு 25 வீதம் கழிவு, காசு 45 நாளில். உலர்த்தும் மெஷின் வாங்கக் குழுக் கடனில் இரண்டு இலட்சம் தருகிறார்கள். கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டும். எடுக்கலாமா?
– வாசகி, மூதூர்

பதில்: எடுக்க வேண்டாம். இந்தப் பேச்சை வைத்துக்கொண்டு எடுக்கவே வேண்டாம்.

நாலு கிலோ மீன் 2,000 ரூபா. 100 கிராமுக்கு 200 ரூபா. 300இல் 200 போனால் 100 என்று எழுதிவிட்டீர்கள். பைக்கும் லேபலுக்கும் 22 ரூபா வையுங்கள். உப்பு, உடைந்து தூளாகிக் கழிகிற கருவாடு 8 ரூபா. மூதூரில் இருந்து கொழும்புக்கு பஸ்ஸில் பெட்டி போட்டு அனுப்ப ஒரு பேக்கற்றுக்கு 10 ரூபா. ஆக 240 ரூபா. கடைக்காரர் 25 வீதம் கழித்தால் உங்கள் கைக்கு வருவது 225 ரூபா. ஒவ்வொரு பேக்கற்றுக்கும் 15 ரூபா உங்கள் கையில் இருந்து போகிறது. 500 பேக்கற் அனுப்பினால் மாதம் 7,500 ரூபா நட்டம். விடியப் புறம் எழும்பிக் கரைக்குப் போய் மீன் வாங்கி, கழுவி, விரித்து, காகம் விரட்டி, பொறுக்குகிற உங்கள் கூலி இந்தக் கணக்கில் இன்னும் வரவேயில்லை.

மூதூரிலேயே தெரிந்தவர்களுக்குக் கையில் விற்றபோது கழிவும் இல்லை, பஸ் கூலியும் இல்லை. அதனால்தான் இலாபம் இருந்தது. கொழும்புக்கு வேறு விலை போட வேண்டும். உங்கள் கூலி 50 ரூபா, ஆதாயம் 30 ரூபா சேர்த்தால் ஒரு பேக்கற் 320 ரூபாவுக்கு உங்களிடம் இருந்து வெளியே போக வேண்டும். 25 வீதக் கழிவோடு கடையில் அது 425 ரூபாவுக்கு மேல் விற்க வேண்டும். அந்த விலைக்குப் போகுமா என்று கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள். போகாது என்றால் கழிவைக் குறைக்கச் சொல்லுங்கள். அதுவும் முடியாது என்றால் அந்த ஓடர் உங்களுக்கு வேண்டாம். பெரிய ஓடர் என்பதற்காகப் பயந்து தலையாட்ட வேண்டியதில்லை.

கடன் விசயம். 45 நாள் என்றால் ஆறு கிழமைக்கு மேல். கடைக்காரரின் முதல் ரூபா வருவதற்குள் ஆறு தவணை கட்டியிருக்க வேண்டும். அதற்குள் இரண்டாவது மாதத்து மீனும் வாங்க வேண்டும். அந்த ஆறு தவணைக்குத்தான் நம் ஊர்ப் பெண்கள் தோட்டையும் சங்கிலியையும் அடைவு வைக்கிறார்கள், பிறகு அதை மீட்க இன்னொரு குழுவில் சேருகிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. காசு வருகிற நாளும் காசு கட்டுகிற நாளும் பொருந்தாத கடன், வட்டி எவ்வளவு குறைவாக இருந்தாலும் கூடாது. முதல் மூன்று அனுப்புதலுக்கு 50 பேக்கற், பெட்டி கிடைத்ததும் காசு என்று கேட்டுப் பாருங்கள். உண்மையில் பொருள் தேவைப்படுகிறவர் அதற்குச் சம்மதிப்பார்.

பை பற்றியும் சொல்ல வேண்டும், அது என் தொழில். காய்ந்த நெத்தலியின் தலையும் முள்ளும் ஊசி போல இருக்கும். மெல்லிய பையில் போட்டால் பெட்டிக்குள் ஒன்றோடொன்று நெருக்குப்படும்போதே குத்தி ஓட்டை விழும். கண்ணுக்குத் தெரியாது. காற்றும் ஈரமும் உள்ளே போய் இரண்டு கிழமையில் பூஞ்சணம் பிடிக்கும், கடைக்காரர் முழுவதையும் திருப்பி அனுப்புவார். தடித்த பை இரண்டு ரூபா கூட வரும், பரவாயில்லை. சீல் அடித்ததும் பையைத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் அந்தப் பை கூடாது. வெயிலில் இருந்து எடுத்த சூட்டோடு பொதி செய்ய வேண்டாம், உள்ளே வியர்த்துவிடும். நன்றாக ஆறட்டும்.

லேபலில் பொருளின் பெயர், சேர்த்தவை, நிறை, தொகுதி இலக்கம், செய்த திகதி, முடிகிற திகதி, உங்கள் பெயர், விலாசம், அதிகூடிய சில்லறை விலை எல்லாம் இருக்க வேண்டும். கொழும்புக்குப் போகிற சாமான், மூன்று மொழியிலும் அடியுங்கள். அச்சகத்தில் கொடுப்பதற்கு முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் மாதிரியைக் காட்டுங்கள். ஐயாயிரம் அடித்த பிறகு ஒரு வரி விடுபட்டது தெரிந்து கடைக்கு வந்து கண் கலங்கி நின்றவர்கள் இருக்கிறார்கள். திகதியையும் விலையையும் அச்சடிக்காமல் இடம் விட்டு, சீல் குத்திக்கொள்ளுங்கள்.

மெஷின் மாரிக்குத்தான் தேவை. இந்த மாரிக்கு முன் அது வேண்டாம். வெயில் காலத்தில் காயப்போட்டு, நல்ல பையில் கட்டி, ஐப்பசிக்குப் பிறகு விற்க எவ்வளவு சேர்த்து வைக்க முடிகிறது என்று இந்த வருடம் பாருங்கள். மழைக்குள் கருவாட்டு விலை எங்கே நிற்கும் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கேள்வி: நான் தயிர் வியாபாரம் தொடங்கப் போகிறேன். 'கிண்ணியா தயிர்' என்ற பெயரைப் பதிந்துவிட்டால் வேறு ஒருவரும் அதைப் பாவிக்க முடியாதுதானே?
– வாசகர், கிண்ணியா

பதில்: அப்படியில்லை தம்பி. பிரதேச செயலகத்தில் நீங்கள் பதிவது வியாபாரப் பெயர். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், அடையாள அட்டை, இடத்துக்கான பத்திரம் கொண்டுபோய்ச் செய்யலாம். அந்தப் பத்திரம் இருந்தால்தான் வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம், ஆகவே கட்டாயம் பதியுங்கள். பெயரை மற்றவர் பாவிக்காமல் தடுப்பது வர்த்தகக் குறி. அது 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் கொழும்பில் தனியாகப் பதிவது. கிண்ணியா ஊர்ப் பெயர், தயிர் பொருளின் பெயர். இரண்டையும் சேர்த்து ஒரு ஆள் சொந்தம் கொண்டாட விடமாட்டார்கள், விடவும் கூடாது. எத்தனையோ குடும்பம் அந்தப் பெயரில் சட்டி விற்கிறது. உங்களுக்கென்று ஒரு பெயர் வையுங்கள், ஊர்ப் பெயரைக் கீழே சின்னதாகப் போடுங்கள்.

கேள்வி: நானும் நண்பனும் சேர்ந்து மோட்டார்சைக்கிள் திருத்தும் கடை போடுகிறோம். அவன் 6 இலட்சம் போடுகிறான், எனக்கு வேலை தெரியும். ஒப்பந்தம் எழுதுவோம் என்று கேட்டால் என்னை நம்பவில்லையா என்று நினைப்பானோ என்று கூச்சமாக இருக்கிறது.
– வாசகர், சீனக்குடா

பதில்: கூச்சத்தை இப்போதே பட்டுவிடுங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மூலதனம் ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட கூட்டு வியாபாரம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் நீதிமன்றம் ஏற்கும். உங்களுடையது ஆறு இலட்சம். "சட்டம் எழுதச் சொல்கிறது மச்சான்" என்று சொன்னால் முடிந்தது.

எழுதும்போது வேலை செய்கிறவருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, அது போக மிஞ்சியதில் பங்கு எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். இதைக் கலந்து வைத்த கூட்டுகள்தான் அதிகம் உடைகின்றன. காசு போட்டவருக்கு நீங்கள் சும்மா எடுப்பதாகத் தோன்றும், உங்களுக்கு அவர் சும்மா வாங்குவதாகத் தோன்றும். ஒரு பெடியனை உதவிக்கு வைத்தால் முதல் ஆளில் இருந்தே ஊழியர் சேமலாப நிதி கட்ட வேண்டும்: அவர் சம்பளத்தில் 8 வீதம், உங்கள் பக்கம் 12 வீதம், அதோடு நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். செலவுக் கணக்கில் இப்போதே சேருங்கள்.

அப்புறம், இரண்டு பேரில் ஒருவருக்கு வெளிநாட்டு விசா வந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி எழுதுங்கள். நம் ஊரில் இது வரத்தான் செய்யும். போகிறவர் எத்தனை மாதத்துக்கு முன் சொல்ல வேண்டும், ஆயுதங்களையும் உதிரிப்பாகங்களையும் வாங்கிய விலைக்கா அன்றைய விலைக்கா கணக்கிடுவது, அவர் பங்கை எத்தனை தவணையில் கொடுப்பது, கடைப் பெயர் யாருக்கு – இந்த நான்கையும் கையெழுத்து வைப்பதற்கு முன் பேசி முடித்துவிடுங்கள்.