வீட்டிலேயே கும்பிட்டால் போதாதா, காவடியும் மொட்டையும் எதற்கு?

கேட்டவர் தினமும் வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடுகிறவர். தைப்பூசத்துக்கு மாலை போட்டுப் பழனிக்கு நடந்து வரச் சொல்லி மாமனார் வீட்டில் வற்புறுத்துகிறார்களாம். பக்தி மனதுக்குள் இருந்தால் போதாதா, ஊரறியக் காட்ட வேண்டுமா என்கிறார்.

போதும். வீட்டில் கும்பிடுவதும் முழுப் பக்திதான், அதை யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை. மனதுக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலார் கதை நம் எல்லோருக்கும் தெரியும். அவருக்காகப் பல்லவ மன்னனின் குடமுழுக்கையே தள்ளிவைக்கச் சொன்னார் இறைவன். ஆனால் அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். நாளைத்தான் மாற்றச் சொன்னாரே தவிர, காஞ்சியில் மன்னன் கட்டிய கற்கோயில் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

நான் பெருமாள்மலைப் பக்கம். கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது பழனி சாலை பிரிவது இங்கேதான். தை பிறந்ததும் பச்சை வேட்டியும் காவி வேட்டியுமாக ஆட்கள் அந்த மலைச்சாலையில் இறங்குவார்கள். என் சித்தப்பாவும் ஒரு வருடம் அப்படிப் போனார். சாமியைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசாதவர், மீசையையும் சேர்த்து எடுத்துவிட்டுத் தலையில் சந்தனத்தோடு வந்து நின்றார். கடைத்தெருவில் பார்த்தவர்கள் "என்ன மாப்ளே, பழனியா?" என்பார்கள். "ஆமா" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும். என்ன வேண்டுதல் என்று யாரும் துருவவில்லை, எங்கள் பக்கம் அப்படிக் கேட்கிற வழக்கம் கிடையாது. சித்திக்குக்கூட இன்றுவரை தெரியாது.

முடி வளரும்வரை ஊர் முழுக்கப் பார்த்த தலை அது. அதற்குள் இருந்த வேண்டுதல் மட்டும் அவருக்கும் முருகனுக்கும் நடுவிலேயே நின்றது. அதனால்தான் மொட்டை போட்டவரையும் காவடி எடுத்தவரையும் 'காட்டிக்கொள்கிறார்கள்' என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. நமக்குத் தெரிவது வெளிப்பக்கம் மட்டும்தான். பெண்கள் பூமுடி கொடுப்பதும் அப்படித்தான், எந்தப் பிள்ளைக்காக, எந்த நோய்க்காக என்று நமக்கு எப்படித் தெரியும்?

காவடி என்பதே சுமை. சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளையும் தோளில் தூக்கி வந்த இடும்பனிலிருந்து தொடங்குகிறது அந்த வழக்கம். காரைக்குடிப் பக்கத்திலிருந்து நகரத்தார் தைப்பூசத்துக்குக் காவடியோடு நடந்தே வருகிறார்கள். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் தோளில் வருகிறது. அத்தனை தூரம் தனியாக நடப்பது எளிதில்லை. கால் கொப்பளித்தவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போக நாலு பேர் வேண்டும், வழியில் மோர் கொடுக்க ஒரு ஊர் வேண்டும். இங்கே கூட்டம் என்பது துணை.

சரி, எல்லா வெளிப்பகட்டையும் இதில் சேர்க்க மாட்டேன். காவடி எடுத்தவர் வலியைத் தானே சுமக்கிறார். நடுராத்திரியில் ஒலிபெருக்கி வைப்பவர் தன் பக்தியின் சுமையைப் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையின் தலையில் ஏற்றுகிறார். மலையில் சத்தம் ஒரு தெருவோடு நிற்காது, பள்ளத்தாக்கைத் தாண்டிப் போய் எதிர்ச்சரிவில் தூங்குகிறவரையும் எழுப்பும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளே சொல்கின்றன. கோயில், சர்ச், பள்ளிவாசல் எதுவானாலும் என் பேச்சு இதுதான். சாமி படத்தைவிட உபயதாரர் முகம் பெரிதாக இருக்கும் பேனரும் எனக்கு ஆகாது. 2023 அக்டோபரில் பழனி மலைக்கோயிலில் செல்பேசியைத் தடை செய்தபோது நான் மனதார வரவேற்றேன். சன்னிதியில் கை கூப்பத்தானே போகிறோம்?

அப்புறம் இன்னொன்று. கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலை 1936இல் கட்டியவர் லீலாவதி ராமநாதன். ஐரோப்பிய வம்சத்தில் பிறந்து இந்து சமயத்துக்கு வந்தவர், இலங்கை அரசியல் தலைவர் சர் பொன்னம்பலம் ராமநாதனின் மனைவி. அவர் தன் நம்பிக்கையைப் பூஜை அறைக்குள்ளேயே வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் வெளியே கொண்டுவந்ததால்தான் இன்று நானும் போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது. மேகம் இல்லாத நாளில் அங்கிருந்து பார்த்தால் கீழே பழனி தெரியும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மாமனாருக்காக மாலை போடாதீர்கள், அது அவருக்கும் பெருமை இல்லை, உங்களுக்கும் நிம்மதி இல்லை. "எனக்கு இப்போது வேண்டுதல் எதுவும் இல்லை மாமா, இருந்தால் நானே கூட வருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். வேண்டுதல் என்ற சொல்லுக்குப் பெரியவர்கள் மரியாதை கொடுப்பார்கள். அவர்கள் புறப்படும்போது போய் வழியனுப்புங்கள், அவர்கள் நடையைக் குறைத்துப் பேசாதீர்கள். பழனிக்குப் போகவே ஆசை, கூட்டம்தான் பிடிக்கவில்லை என்றால் தைப்பூசம், பங்குனி உத்திரம், கிருத்திகை எல்லாம் விட்டு ஒரு சாதாரண நாளில் போங்கள். சாயரட்சை என்கிற மாலைப் பூஜைக்கு ஏறினால் ராஜ அலங்காரம் பார்க்கலாம், ஆண்டிக்கோலத்தில் பார்க்க ஆசைப்பட்டால் காலையிலேயே ஏறிவிடுங்கள்.