விளக்கு அணைந்தது, வால்வு மூடவில்லை: த்ரீ மைல் ஐலண்ட் கேள்வி பதில்

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் த்ரீ மைல் ஐலண்ட் 2-ஆம் அணு உலையில், 1979 மார்ச் 28 அதிகாலை 4 மணிக்கு நீராவி ஜெனரேட்டர்களுக்குப் போகும் தண்ணீர் நின்றது. டர்பைனும் நின்றது, சில நொடிகளில் உலையும் தானாக அணைந்தது. அழுத்தம் ஏறியதால், உலைத் தண்ணீரின் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் தொட்டியான பிரஷரைசரின் மேலிருந்த நிவாரண வால்வு திறந்தது. அழுத்தம் இறங்கியதும் மூடியிருக்க வேண்டும், ஆனால் திறந்தபடி சிக்கிக்கொண்டது. வந்த கேள்விகள் பெரும்பாலும் இதைப் பற்றியவை.

வால்வு திறந்து கிடந்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தெரியவில்லையாமே? தூங்கிவிட்டார்களா, சார்?

யாரும் தூங்கவில்லை. கட்டுப்பாட்டு அறைப் பலகையில் அந்த வால்வுக்கு ஒரே ஒரு விளக்குதான் இருந்தது. வால்வை இயக்கும் சோலினாய்டுக்கு (மின்காந்தச் சுருளுக்கு) மின்சாரம் போனால் எரியும், நின்றால் அணையும். ‘மூடு’ என்ற உத்தரவு போனதைத்தான் அது காட்டியது, வால்வு மூடியதை அல்ல. விளக்கு அணைந்ததைப் பார்த்தவர்கள் மூடிவிட்டது என்றே நினைத்தார்கள்.

சந்தேகம் வர வேறு இரண்டு இடங்கள் இருந்தன. வால்வுக்குப் பின்னுள்ள குழாயின் வெப்பநிலை அதிகமாக இருந்தது. ஆனால் முன்பிருந்தே வால்வில் கசிவு உண்டு என்பதால் அந்தச் சூடு பழகிப்போயிருந்தது. வெளியேறும் நீராவி போய்ச் சேரும் தொட்டியின் அழுத்தமும் ஏறியது. அந்த மீட்டர் பலகையின் பின்பக்கம் இருந்தது, இருக்கையிலிருந்து பார்த்தால் தெரியாது.

வால்வை விடுங்கள். உலையைக் குளிர்விக்கும் அவசர நீர் தானாக வந்ததே, அதை ஏன் குறைத்தார்கள்?

விபத்தின் உயிர்நாடியே இதுதான். பிரஷரைசரில் கீழே தண்ணீர், மேலே நீராவி மெத்தை. மெத்தை இல்லாமல் முழுக்கத் தண்ணீர் நிரம்பினால் அழுத்தம் கைமீறிப் போகும். அதனால் ‘நிரம்ப விடாதே’ என்பதைப் பயிற்சியில் ஊற வைத்திருந்தார்கள். அன்று பிரஷரைசரின் மட்டக்காட்டி ஏறிக்கொண்டே போனது. தண்ணீர் கூடிவிட்டது என்று எண்ணி, அவசர நீரேற்றத்தைக் குறைத்தார்கள்.

உண்மையில் தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது. உச்சியில் ஓட்டை திறந்திருந்ததால் அழுத்தம் விழுந்து, உலைப் பக்கத்துத் தண்ணீரே கொதிக்கத் தொடங்கியது. அந்த நீராவிக் குமிழிகள் தண்ணீரைப் பிரஷரைசருக்குள் தள்ளின. சோற்றுப் பானை பொங்கும்போது விளிம்புவரை நுரை நிற்கும், உள்ளே தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும், அந்தக் கதைதான். உலைக் கலனின் நீர்மட்டத்தை நேரடியாகக் காட்டும் கருவி அங்கே இல்லை. எரிபொருளில் ஏறக்குறைய பாதி உருகியது.

மீட்டர் காட்டியதும் பயிற்சி சொன்னதும் ஒரே திசையில் இழுத்தன. அந்த இடத்தில் ‘ஆபரேட்டர் தவறு’ என்று எழுதிக் கோப்பை மூடுவது சோம்பேறித்தனம் என்பேன்.

மஞ்சள் அட்டை ஒன்று விளக்கை மறைத்தது என்று படித்தேன்...

ஆமாம். நீராவி ஜெனரேட்டர்களுக்கு வழக்கமான தண்ணீர் நின்றால் மாற்றுத் தண்ணீர் விடும் துணை நீர் வால்வுகள் இரண்டும், இரண்டு நாள் முன் நடந்த சோதனைக்காக மூடியபடியே கிடந்தன. அவற்றில் ஒன்றின் விளக்கை, வேறொரு கட்டுப்பாட்டில் தொங்கிய பராமரிப்பு அட்டை மறைத்தது. சுமார் 8 நிமிடம் கழித்தே கண்டுபிடித்துத் திறந்தார்கள். சோதனை முடிந்தபின் வேறொருவர் தனியாகப் போய் வால்வு நிலையைச் சரிபார்ப்பது இதற்காகத்தான். செய்தவரோடு சேர்ந்து போனால் அவர் கண்ணால்தான் பார்ப்போம்.

அலாரம் அடிக்கவில்லையா?

அடித்தது, அதுதான் தொல்லை. முதல் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கு மேல். எது முக்கியம் என்ற வரிசை இல்லை. அலாரங்களை அச்சிடும் கணினி இரண்டு மணி நேரத்துக்கு மேல் பின்தங்கிவிட்டது.

நான் அனல் மின் நிலைய ஷிப்ட் எஞ்சினியர். அணுமின் நிலைய வழக்கங்களில் நாளைக்கே எதைக் கொண்டுவரலாம்?

இரண்டு போதும். ஒன்று, மும்முறைப் பேச்சு:

“2-பிராவோ பம்ப் டிஸ்சார்ஜ் வால்வை மூடுங்க.”
“2-பிராவோ பம்ப் டிஸ்சார்ஜ் வால்வை மூடறேன்.”
“சரி, அதேதான்.”

மூன்றாவது வரி வரும்வரை கை வால்வில் படக் கூடாது. ‘பிராவோ’ என்பது ‘பி’ எழுத்துக்கான சொல். ‘பி’ என்று மட்டும் சொன்னால் பம்ப் இரைச்சலில் ‘டி’, ‘சி’, ‘ஜி’ எல்லாம் ஒன்றுதான். ‘சரி சார்’ என்ற பதில் செல்லாது, திருப்பிச் சொல்ல வேண்டும்.

அடுத்தது, செயல்முறைத் தாளில் குறியிடுவது. படியைத் தொடங்கும் முன் எண்ணைச் சுற்றி வட்டம், முடித்தபின் வட்டத்தின் குறுக்கே கோடு. நடுவில் போன் வந்தாலும் எங்கே நின்றீர்கள் என்று தாள் சொல்லும். ஷிப்ட் முடிவில் மொத்தமாகக் கோடு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியென்றால் அந்தத் தாளே வேண்டாம்.

இரவு ஷிப்ட்தான் காரணமா?

தனிக் காரணம் இல்லை, ஆனால் அதிகாலையில் மூளை மந்தம். அமெரிக்க விதிப்படி இப்போது 24 மணி நேரத்தில் 16 மணிக்கும், 7 நாளில் 72 மணிக்கும் மேல் வேலை வாங்கக் கூடாது. அன்று ஓட்டையை அடைத்ததும் பிறகு வந்தவர்களின் புதுக் கண்தான். குழாய்ச் சூட்டைப் பார்த்துச் சந்தேகப்பட்டார்கள், 6:22-க்கு அடுத்திருந்த தடுப்பு வால்வை மூடினார்கள்.

கூடங்குளத்தில் இப்படி நடக்குமா?

அங்கும் அழுத்த நீர் உலைதான், பிரஷரைசரின் இயற்பியலும் அதேதான். ஆனால் நீராவி ஜெனரேட்டர்கள் கிடைமட்டமானவை, உள்ளே தண்ணீர் நிறைய நிற்கும். த்ரீ மைல் ஐலண்டில் இருந்தவை ஓரிரு நிமிடங்களில் வற்றிவிட்டன. யோசிக்கக் கிடைக்கும் நேரமே வேறு.

அதன்பின் என்ன மாறியது?

‘எது உடைந்தது என்று கண்டுபிடி, பிறகு அதற்கான தாளை எடு’ என்றிருந்த அவசரச் செயல்முறை, ‘எரிபொருள் குளிர்கிறதா, அழுத்தம் என்ன’ என்று அறிகுறியைப் பிடித்துப் போகும்படி மாறியது. வால்வின் உண்மை நிலையைக் காட்டும் உணரிகளும், தண்ணீர் கொதிநிலைக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று காட்டும் மீட்டரும் வந்தன.

முன்கூட்டியே யாருக்கும் தெரியாதா?

தெரியும். 1977 செப்டம்பரில் ஒஹையோவின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் இதே மாதிரி வால்வு சிக்கி, அங்கும் அவசர நீரைக் குறைத்தார்கள். உலை 9 சதவீதத் திறனில்தான் ஓடியது, சுமார் 20 நிமிடத்தில் பிடித்துவிட்டார்கள், சேதமில்லை. இரண்டு உலைகளையும் வடிவமைத்த நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் 1978 பிப்ரவரியில் இதைக் குறிப்பிட்டு உள்சுற்றுக் கடிதம் எழுதினார். அது ஆபரேட்டர்களுக்குப் போய்ச் சேரவில்லை.