கேள்வி-பதில்: பார்த்தொலொமே தீவில் ஒரு நாள்

கேள்வி: ஈக்வடார் நாட்டின் கலாபகோஸ் தீவுகளைச் சின்னக் கப்பலில் சுற்றப்போகிறோம். பார்த்தொலொமே தீவில் ஒரே நாளில் மலையேற்றம், ஸ்நார்கெலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மிதப்பது), கடற்கரை மூன்றும் உண்டாம். எனக்கு 61 வயது, நீச்சல் அரைகுறை. மலை ஏறிவிட்டு மிச்ச நேரம் கப்பலிலேயே இருந்துவிடட்டுமா?

பதில்: வேண்டாம், தண்ணீரில் இறங்குங்கள். அந்தத் தீவின் பாதி அழகு தண்ணீருக்குள்தான் இருக்கிறது.

மலை என்றாலும் உயரம் 114 மீட்டர்தான். சரிவு முழுக்கப் பொலபொலவென்ற எரிமலைச் சாம்பல், மிதித்தாலே சரியும், அதனால் 370-க்கும் மேற்பட்ட மரப்படிகள் போட்டிருக்கிறார்கள். ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது, பூமத்திய ரேகை வெயில் வேறு, எனவே காலையிலேயே ஏறிவிடுவது நல்லது. மூச்சு வாங்கினால் நின்று நின்று ஏறுங்கள், அப்படி நிற்கும்போது படியோரம் பாருங்கள்: வெறும் சாம்பலில் டிக்கிலியா என்ற சின்னச் செடி தரையோடு ஒட்டி முளைத்திருக்கும், கொஞ்சம் தள்ளி எரிமலைப் பாறை இடுக்கில் விரல் விரலாகக் கள்ளி நிற்கும். உச்சியிலிருந்து, கடலோரம் கூம்பாக நிமிர்ந்து நிற்கும் பினக்கிள் பாறையும், குறுகலான நிலத்துக்கு இரண்டு பக்கமும் வளைந்து கிடக்கிற இரண்டு கடற்கரைகளும் தெரியும்.

அப்புறம் ஸ்நார்கெலிங். இதய நோயோ ரத்த அழுத்தமோ இருந்தால் கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். மற்றபடி, லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டால் மிதப்பதற்குப் பாடுபட வேண்டியதில்லை. படகிலிருந்து குதிக்காமல் கரையிலிருந்தே நடந்து இறங்குங்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று முகத்தை மட்டும் உள்ளே வைத்து, குழாய் வழியாக நிதானமாக மூச்சுவிட்டுப் பழகுங்கள், அது சீரான பிறகு காலைத் தூக்கினால் போதும். புதியவர்களில் நிறைய பேருக்குச் சிக்கல் நீச்சலில் வருவதில்லை, பதற்றத்தில் வேகவேகமாக மூச்சுவிடுவதில்தான் வருகிறது. படபடப்பாக இருந்தால் தலையைத் தூக்கி, மல்லாந்து மிதந்து ஓய்வெடுங்கள். மாஸ்க் போடும்போது முகத்தில் ஒட்டும் அதன் ரப்பர் விளிம்புக்கு அடியில் முடி சிக்கக்கூடாது, சிக்கினால் தண்ணீர் ஒழுகும். தனியாக மட்டும் போகவே போகாதீர்கள். காலையில் நீங்கள் ஏறிய அதே எரிமலைப் பாறைதான் தண்ணீருக்குள்ளும் இறங்குகிறது. மேலே மொட்டையாக இருந்தது, உள்ளே மீனும் நட்சத்திர மீனும் கடலாமையுமாக இருக்கும். இதைப் பார்க்காமல் கப்பலில் உட்கார்ந்திருந்தால் எனக்கே மனசு கேட்காது.

கேள்வி: அங்கே பெங்குவின் உண்டு என்கிறார்கள். வெப்பமண்டலத் தீவில் எப்படி?

பதில்: உண்மைதான், பினக்கிள் பாறை ஓரம் கண்ணில் படலாம். அரை மீட்டர் உயரம்தான் இருக்கும். தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டமும், மேற்கிலிருந்து ஆழத்தில் ஓடிவந்து தீவுகளில் மோதி மேலெழும் குரோம்வெல் நீரோட்டமும் குளிர்ந்த நீரைக் கொண்டுவருகின்றன. அந்த நீரில் மீன் அதிகம், பெங்குவினும் பிழைக்கிறது. உங்களுக்கு இதில் ஒரு சேதி உண்டு: ஜூன் முதல் நவம்பர் வரை தண்ணீர் நன்றாகவே குளிரும், வெட்சூட் (குளிர் தாங்கும் நீச்சல் உடை) இல்லாமல் இறங்காதீர்கள். ஜனவரி முதல் மே வரை வெதுவெதுப்பாக இருக்கும், ஆனால் வெயில் கடுமை.

கேள்வி: கடற்கரையில் நம் இஷ்டப்படி இருக்கலாமா? ஞாபகத்துக்கு ஒரு கல் எடுத்துவரலாமா?

பதில்: கல், மணல், சிப்பி எதையும் எடுக்கக்கூடாது. விலங்குகளிடமிருந்து 2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், கடல்சிங்கம் தானாகக் கிட்டே வந்தால் நீங்கள்தான் விலகிப்போக வேண்டும். வடக்குக் கடற்கரையில் குளிக்கலாம். தெற்குப் பக்கம் ஆமைகள் முட்டையிடும் இடம், அங்கே குளிக்க அனுமதி இல்லை, கரையில் நின்று பார்ப்பதோடு சரி. வழிகாட்டி இல்லாமல் எங்கும் தனியே நடக்கவும் முடியாது. கெடுபிடியாகத் தோன்றலாம், ஆனால் 1959-இல் தேசியப் பூங்காவாக அறிவித்துக் காத்துவருவதால்தான் அந்த விலங்குகள் இன்றும் மனிதரைக் கண்டு ஓடாமல் இருக்கின்றன.

கேள்வி: நுழைவுக் கட்டணம் எவ்வளவு?

பதில்: 2024 ஆகஸ்ட் முதல் வெளிநாட்டுப் பெரியவர்கள் பெரும்பாலோருக்கு 200 டாலர், அதற்கு முன் 100 ஆக இருந்தது. பயண அனுமதி அட்டைக்குத் தனியாகக் கட்ட வேண்டும். கப்பல் கட்டணத்தில் இவை சேர்ந்திருக்கிறதா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் சேர்ந்திருக்காது.