அண்டர்கிரவுண்ட் சுரங்க வேலைக்கு பையன அனுப்பலாமான்னு கேட்ட தங்கச்சிமடம் அக்காவுக்கு

அக்கா, உங்க வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேன். "கடலுக்குப் போனா நேவி புடிக்கிறான், அதுக்கு மண்ணுக்குள்ள போனா தேவலையா தம்பி"ன்னு கேட்டீங்க பாருங்க, உடனே பதில் சொல்ல வாய் வரல.

மொதல்ல ஒண்ணு. உங்க கூடப்பொறந்த தம்பி "நெய்வேலி மாதிரிதான்"னு சொல்றாருல்ல, அது இல்லக்கா. நெய்வேலி திறந்தவெளி, மேல இருந்து தோண்டி பழுப்பு நிலக்கரி எடுக்குறது. ஏஜென்ட் சொல்ற ஜார்கண்ட் வேலை பூமிக்கு அடியில, தலைக்கு மேல பாறை.

அந்தப் பாறைதான் விஷயமே. 1975 டிசம்பர் 27 தன்பாத் பக்கம் சாஸ்னாலால தண்ணி உடைச்சிக்கிட்டு உள்ள வந்து 375 பேர் போனாங்க, 1989ல ராணிகஞ்ச் பக்கம் மகாபீர் சுரங்கத்துல மாட்டுன 65 பேர ஒரு இரும்புக் கூண்ட எறக்கி ஒவ்வொருத்தரா மேல தூக்குனாங்க, இதெல்லாம் நியூஸ்ல வரும், ஆனா ஒத்த ஆளா ரெண்டு ஆளா காவு வாங்குறது பெரும்பாலும் கூரை சரியுறதுதான். அங்க ஷிப்டு ஆரம்பிக்கும்போது ஒரு கம்பியால கூரையத் தட்டிப் பாப்பாங்க, கணீர்னு கேட்டா சரி, டொப்புன்னு கேட்டா உள்ள பிரிஞ்சிருக்குன்னு அர்த்தம், உடனே முட்டு குடுக்கணும் இல்ல பாறைய இறுக்கிப் புடிக்க போல்ட் அடிக்கணும். மச்சான் வல்லத்துப் பலகையத் தட்டி உளுத்துருக்கான்னு சொல்வாருல்ல, அதே காதுதான், பழக வருஷக்கணக்காகும், புதுசா போற பையனுக்கு அது இருக்காது.

அப்புறம் கேஸ். மீத்தேன் காத்துல 5ல இருந்து 15 சதவீதத்துக்குள்ள இருந்தா வெடிக்க ஒரு பொறி போதும், அதனாலதான் 1.25 தாண்டுனாலே கரண்ட கட் பண்ணச் சொல்லுது ரூல். இடுப்புல செல்ஃப் ரெஸ்க்யூயர்னு ஒரு டப்பா கட்டிவிடுவாங்க, தீப்புகையில அத வாயில வச்சு மூச்சு விட்டா உள்ள வர்ற காத்து சூடாகும், சுடுதேன்னு துப்பிட்டா கதை முடிஞ்சது. இத ட்ரெயினிங்ல சொல்லிக் குடுத்தே ஆகணும், அந்த ட்ரெயினிங் இல்லாம உள்ள எறக்குறது தப்பு. நம்ம படகுல லைஃப் ஜாக்கெட் எங்க கெடக்குதுன்னு உங்களுக்கே தெரியும், அந்த மாதிரி அங்க இருக்க முடியாது.

இப்ப நான் கோவப்பட்ட இடம். பையனுக்கு 17 வயசு, "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்"னு ஏஜென்ட் சொன்னானாமே? 18 ஆகாதவங்கள சுரங்கத்துல வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. வயச மாத்தி எழுதி உள்ள போற பையனுக்கு ஏதாவது ஆச்சுன்னா முழுக்க வேற பிரச்சனை, நஷ்ட ஈடு கேட்கப் போற எடத்துல வயசுதான் மொத கேள்வியா வரும்.

தொண்டி பக்கத்துப் பையன் ஒருத்தன் கான்ட்ராக்ட்ல போனான், நிலக்கரி ஏத்துற தொட்டி வண்டிய இழுக்குற ரோப்ல ரெண்டு வெரல் நசுங்கிருச்சு, லோக்கல் ஆளுங்க கட்டுப் போட்டு ட்ரெயின் ஏத்தி விட்டுட்டாங்க. 72 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலைக்குப் போக முடியாத காயம்னா ரிப்போர்ட் பண்ணணும்னு அப்ப ரூல் இருந்துச்சு, இவனுக்கு எழுதவே இல்ல. அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்ல பேரே இல்லாதவனுக்கு எங்க இருந்து எழுதுவாங்க. நஷ்ட ஈட்டுக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள கேட்கணும், அது தெரியாம அவன் என்கிட்ட வந்தப்போ மூணாவது வருஷம்.

பையனுக்கு உண்மையிலேயே சுரங்கம் புடிச்சிருந்தா தடுக்காதீங்க, வழி இருக்கு. மேத்ஸ் எடுத்திருக்கான்ல, கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல மைனிங் பி.இ. இருக்கு, கவுன்சிலிங்ல போடலாம். இல்லன்னா மைனிங் டிப்ளமோ முடிச்சு அனுபவம் சேத்து ஓவர்மேன் சர்டிபிகேட் எழுதலாம், அது கூரை சரியில்லன்னா ஆளுங்கள வெளிய கூட்டிட்டு வர்ற பொறுப்புள்ள வேலை. ஆனா ஏதும் ஆச்சுன்னா விசாரணையில அவனத்தான் மொதல்ல கேப்பாங்க, அதையும் தெரிஞ்சுக்கிட்டு போகட்டும்.

செவ்வாய்க்கிழமை வெள்ளன வாங்க, பையனையும் கூட்டிட்டு வாங்க, ஏஜென்ட் வேணாம். ஆதார் ஒரிஜினல அவன்ட்ட குடுத்திருந்தா இன்னைக்கே திருப்பி வாங்கிருங்க.