செல்லில் இருக்கும் தொகை எண்ணா, எழுத்தா? கேள்வி பதில்

கேள்வி: எக்செல் விரிதாளில் தொகைகள் 40 வரிசை இருக்கின்றன. கீழே சம் என்ற கூட்டல் சூத்திரம் போட்டால் மொத்தம் குறைவாக வருகிறது. பிழை எதுவும் காட்டவில்லையே?

பதில்: சம் எண்களை மட்டும் கூட்டும். எழுத்தாகப் பதிவான தொகையைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். பிழைச் செய்தி வந்தால் தேடிப் பார்ப்போம், தவறான மொத்தத்தை அப்படியே நம்பிவிடுவோம்.

அதே பகுதிக்கு கவுண்ட், கவுண்ட்ஏ ஆகிய இரண்டு சூத்திரங்களையும் போட்டுப் பாருங்கள். முதலாவது எண்களை மட்டும் எண்ணும், இரண்டாவது காலியில்லாத எல்லாவற்றையும் எண்ணும். 37, 40 என்று வந்தால் மூன்று செல்களில் எண் இல்லை. அவை எவை என்று அறிய, பக்கத்தில், செல்லில் இருப்பது எண்ணா என்று சொல்லும் இஸ்நம்பர் சூத்திரத்தைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள். எக்செலுக்குப் பதில் லிப்ரெஆபிஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருள் என்றால் கன்ட்ரோல், எஃப்8 சேர்த்து அழுத்தினால் போதும்: எண் நீலமாகவும் எழுத்து கருப்பாகவும் தெரியும்.

கேள்வி: செல்களைக் கூட்டல் குறி போட்டுச் சேர்த்தால் மட்டும் சரியாக வருகிறதே?

பதில்: கூட்டல் குறி, எண்போலத் தெரியும் எழுத்தை அந்தக் கணக்குக்காக மட்டும் எண்ணாக எடுத்துக்கொள்ளும். செல் மாறாது. அதனால் கோளாறு மறைந்து நிற்கும். ஒப்பிடும்போது வெளியே வரும்: எக்செலில் எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரியது. எழுத்தாக இருக்கும் 50, ஆயிரத்தைவிடப் பெரியதா என்று கேட்டால் ஆம் என்றே சொல்லும். இஃப் என்ற நிபந்தனைச் சூத்திரம் வைத்து வரம்பு பார்க்கும் கணக்குகளில் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

கேள்வி: இடப்பக்கம் ஒட்டியிருந்தால் எழுத்துதானே?

பதில்: யாரும் சீரமைப்பை மாற்றாத வரை, ஆம்.

கேள்வி: செல்லை கரன்சி வடிவத்துக்கு மாற்றியும் எழுத்தாகவே இருக்கிறது.

பதில்: வடிவம் என்பது எண்ணைக் காட்டும் விதம் மட்டும். உள்ளே 500 என்ற எண் இருந்தால் அதன் முன் நாணயக் குறியைக் காட்டும். எழுத்து இருந்தால் அதற்கு வேலையே இல்லை. எக்செலில் அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, டேட்டா பட்டியில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் திறந்து உடனே ஃபினிஷ் கொடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். நாணயத்தின் பெயரையோ சுருக்கத்தையோ கையால் தட்டியிருந்தால், முதலில் ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் மூலம் அதை நீக்குங்கள். அப்புறம் குறியை வடிவத்திலிருந்தே வரவழையுங்கள்.

கேள்வி: இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய தொகைகளுக்கு, இடைவெளி நீக்கும் டிரிம் சூத்திரம் போட்டும் பயனில்லை.

பதில்: அங்கே உடையாத இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் குறியீட்டு எண் 160. டிரிம் 32ஆம் எண் கொண்ட சாதாரண இடைவெளியை மட்டுமே நீக்கும். சப்ஸ்டிட்யூட் சூத்திரம் போட்டு, குறியீட்டு எண் 160 கொண்ட அந்த இடைவெளியை வெறுமையாக மாற்றி, அதன்மேல் எழுத்தை எண்ணாக்கும் வேல்யூ போடுங்கள்.

கேள்வி: 1.234,56 என்று வந்த தொகை?

பதில்: பல ஐரோப்பிய நாடுகளில் காற்புள்ளிதான் தசமக் குறி. உங்கள் கணினியின் வட்டார அமைப்பில் புள்ளி தசமக் குறியாக இருந்தால் இது எழுத்தாக நின்றுவிடும். நம்பர்வேல்யூ என்ற சூத்திரம் இதற்கென்றே இருக்கிறது: தசமக் குறி எது, ஆயிரம் பிரிக்கும் குறி எது என்று நீங்களே சொல்லலாம்.

கேள்வி: அறிக்கையில் அழகாகத் தெரிய டெக்ஸ்ட் சூத்திரம் போடலாமா?

பதில்: வாக்கியத்துக்குள் தொகையைச் சேர்க்கும்போது போடுங்கள். அது தருவது எழுத்து. ஆகவே கூட்ட வேண்டிய நெடுவரிசையில் வேண்டாம்.