மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ்: தேதியை எங்கிருந்து எண்ணுவது?

கேள்வி: வாடிக்கையாளரின் கடைசி வருகைத் தேதியுடன் 90 நாள் கூட்டி, அது இன்றைய தேதிக்குச் சமமாக உள்ளவர்களைத் தினமும் குவெரி (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) மூலம் எடுக்கிறேன். சிலர் விடுபட்டுப்போகிறார்கள். ஏன்?

பதில்: முதற்காரணம் அந்தச் சமக்குறிதான். விடுமுறையாலோ மறதியாலோ ஒரு நாள் குவெரியை இயக்காமல் விட்டால், அன்றைக்கு உரியவர்கள் அதற்குப் பிறகு எந்த நாளின் பட்டியலிலும் வரமாட்டார்கள். கடைசி வருகையே இல்லாத புதிய வாடிக்கையாளரின் நிலையும் இதுதான். காலியாக இருக்கும் தேதியைக் குறிக்கும் 'நல்' மதிப்பு எந்த ஒப்பீட்டிலும் தேறாது.

ஒவ்வொரு வருகைக்கும் அட்டவணையில் தனி வரிசை வைத்து, அதில் உரிய தேதி, முடிந்த தேதி என்று இரண்டு புலங்களை அமைப்பதே என் பரிந்துரை. ஒப்பந்தம் ஆனவுடன் முதல் வரிசையைச் சேர்த்துவிட வேண்டும். முடிந்த தேதி காலியாகவும், உரிய தேதி இன்றிலிருந்து ஏழு நாளுக்குள்ளோ அதற்கு முன்போ இருக்கும் வரிசைகளைக் கேட்டால், வரவிருப்பவையும் தவறியவையும் ஒரே பட்டியலில் கிடைக்கும். ஏழு நாளை இன்றைய தேதியின் பக்கம் கூட்டுங்கள். புலத்தின் மீது கணக்குப் போட்டால் அதன் இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அகரவரிசை போன்ற அமைப்பு) பெரும்பாலும் பயன்படாது.

அடுத்தது 90 நாள் கணக்கு. நான்கு சுற்றுக்கு 360 நாள்தான் ஆவதால், ஆண்டுதோறும் வருகை ஐந்தாறு நாள் முன்னால் நகரும். மாதமாகக் கூட்டினாலும் மாதக் கடைசியில் கவனம் தேவை. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகிய தரவுத்தள மென்பொருள்கள் இரண்டிலும் ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால், லீப் அல்லாத ஆண்டில், பிப்ரவரி 28 வரும். அந்த விடையுடன் மேலும் ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 28 வருமே தவிர 31 திரும்பாது. எஸ்கியூலைட் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளோ முதல் கூட்டலிலேயே மார்ச் 3-க்குப் போய்விடும். ஆகவே முந்தைய விடையிலிருந்து தொடராமல், ஒப்பந்தத் தொடக்கத் தேதியுடன் 3, 6, 9 மாதங்கள் என ஒவ்வொரு முறையும் புதிதாகக் கூட்டுவதே சரி. எஸ்கியூலைட்டில் மட்டும் மாதக் கடைசியைத் தனியே கையாள வேண்டியிருக்கும்.

வடிகட்டி மாற்றுவதுபோல் தேய்மானம் சார்ந்த வேலையாக இருந்தால் மட்டும், உண்மையில் வேலை முடிந்த தேதியிலிருந்து அடுத்ததை எண்ணலாம். அப்போது, ஒன்று முடிந்ததாகப் பதிவாகும்போதே அடுத்த வரிசையும் உருவாகும்படி, இரண்டையும், எல்லாம் பதிவாகும் அல்லது எதுவுமே பதிவாகாது என்ற வகையிலான ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் எழுதுங்கள்.