தம்பலகாமத்தில் இருக்கும் அம்மாவின் பிறந்தநாளுக்கு வெளிநாட்டிலிருந்து பூங்கொத்து அனுப்புவது எப்படி?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதம் இது: நீங்கள் ரொறன்ரோவில் இருக்கிறீர்கள், அப்பா காலமான பின்னரும் அம்மா தம்பலகாமத்து வீட்டிலேயே இருக்கிறார், வருகிற ஓகஸ்ட் மாதத்தில் அவருக்கு எழுபது வயது நிறைகிறது, அன்று காலையில் ஒரு பூங்கொத்து அவருடைய கையில் கிடைக்க வேண்டும், அதற்கு இணையத்தில் எங்கே ஓடர் கொடுப்பது என்று கேட்கிறீர்கள். நான் திருகோணமலை நகரில் வசிப்பவன். வெளிநாட்டில் உள்ள உறவினர்களுக்காக இங்குள்ள கடைகளில் பூங்கொத்துக்குச் சொல்லி, பல தடவை நானே கொண்டுபோயும் கொடுத்திருக்கிறேன். படங்களைப் பார்த்துக் கடையைத் தெரிவு செய்வதற்கு முன்னர், நகரத்திலிருந்து தம்பலகாமம் வரையிலான அந்தக் கடைசித் தூரத்தைப் பூவோடு கடக்கப்போகிறவர் யார் என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். அதற்கு நம்பிக்கையான ஒருவர் கிடைத்துவிட்டால் மற்றவை எல்லாம் இலகு.

இணையத்தில் பூ விற்கும் நிறுவனங்கள் எல்லா ஊரிலும் கடை வைத்திருப்பதில்லை. 1910ஆம் ஆண்டில் அமெரிக்கப் பூக்கடைக்காரர்கள் ஒன்றுகூடி, ஓர் ஊரில் பணம் கட்டியவரின் விருப்பத்தைத் தந்தி மூலம் இன்னோர் ஊர்க் கடைக்குச் சொல்லி, அங்கேயே கொத்தைக் கட்டிக் கொடுக்கும் முறையைத் தொடங்கினார்கள். இன்று தந்தியின் இடத்தில் இணையம் வந்திருக்கிறதே தவிர, முறை பெரும்பாலும் அதுவே. பணம் பெறுகிற தளம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிகுதியை அருகில் உள்ள கடைக்குக் கொடுக்கிறது. கொத்தைக் கட்டுபவர் அந்த மிகுதிக்குள் தன்னிடம் அன்று இருக்கும் பூவைக் கொண்டு கட்டுகிறார். படத்தில் பார்த்ததும் வந்து சேர்ந்ததும் வேறுபடுவதற்கு முக்கியமான காரணம் இதுதான். பூக்கடையே இல்லாத விவசாய ஊராக இருந்தால், ஓடர் பக்கத்து நகரத்துக்குப் போகும். அல்லது கொழும்பிலிருந்து கூரியரில் வரும்.

கூரியரில் வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கொழும்பிலிருந்து திருகோணமலைக்குச் சாலை வழியாகச் சுமார் 260 கிலோமீற்றர். எங்கள் தெருவில் ஓர் ஆசிரியைக்கு மகன் அனுப்பிய பூங்கொத்து இப்படித்தான் வந்தது. பெட்டி நகரத்துக் கிளையில் ஒரு பகல் முழுவதும் கிடந்தது. பிறகு வந்து எடுத்துக்கொள்ளும்படி தொலைபேசியில் சொன்னார்கள். திறந்தபோது ரோசாக்களின் வெளி இதழ்கள் பழுப்பேறியிருந்தன, ஜெர்பராவின் கழுத்து மடிந்து தொங்கியது. அந்தப் பிள்ளை அனுப்பிய பணம் சிறியதன்று. அம்மாவோ மகனிடம் பூ மிகவும் நன்றாக இருந்தது என்றுதான் சொன்னார். தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு உண்மை நிலை தெரியாமலே போவதால்தான் இந்தப் பதிலை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஓகஸ்ட் எங்களுக்குக் கடும் வெயில் காலம். கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும். பகலில் வெப்பம் 34, 35 பாகை செல்சியஸ் வரை ஏறும். அந்தக் காற்று வெப்பத்தைவிடக் கெடுதல் செய்யும், ஏனெனில் தண்டு உறிஞ்சும் நீரைவிட அதிகமான நீரை இதழ்களிலிருந்து இழுத்துவிடும். ரோசா, கார்னேஷன், ஜெர்பரா ஆகியவை பெரும்பாலும் நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்துக் குளிரில் வளர்ந்தவை. மலையிலிருந்து கண்டி, தம்புள்ளை, ஹபரணை வழியாக இறங்கி வரும்போதே அவை களைத்துவிடுகின்றன. ஆகவே ரோசாதான் வேண்டும் என்று நீங்கள் விரும்பினால், கடைக்குப் பூ எந்த நாளில் வருகிறது என்று கேட்டு, அந்த நாளிலோ மறுநாளிலோ பிறந்தநாள் விழுந்தால் மட்டும் சொல்லுங்கள். முழுதாக விரிந்த பூ வேண்டாம், பாதி விரிந்த மொட்டு வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

என் தெரிவு அன்தூரியமும் ஓர்க்கிட்டும்தான். இரண்டும் வெப்பநாட்டுப் பூக்கள். ரோசாவைக் குளிரூட்டியில் வைத்துக் காப்பாற்றலாம். அன்தூரியத்தை 12 பாகைக்குக் கீழே வைத்தால் கருகிவிடும். ஆனால் நம்முடைய வெப்பத்தை அது தாங்கும். நல்ல அன்தூரியம் வெட்டிய பின்னர் இரண்டு கிழமைக்கு மேலும் வாடாமல் நிற்கும். டென்ரோபியம் ஓர்க்கிட் ஒரு கிழமைக்குக் குறையாது. வீட்டுக்கு வந்துபோகிற அயலவர் எல்லாம் "மகள் கனடாவிலிருந்து அனுப்பியது" என்று அம்மா சொல்லக் கேட்டுப் பார்த்துப் போவதற்கு அத்தனை நாட்கள் வேண்டும். எழுபது வயதுத் தாய்க்குப் பூங்கொத்தின் பயனில் பாதி அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. ஓர்க்கிட் ஒரு வாரம் நிற்கிறதென்றால், ஒரு வாரம் அவர் உங்களைப் பற்றிப் பேசுவார்.

திருகோணமலை நகரத்துக் கடை ஒன்றில் நேரடியாகப் பேசி ஓடர் கொடுங்கள். நகரத்தில் உள்ள நண்பரோ உறவினரோ காலையில் நேரில் போய் நிற்க முடிந்தால் மிக நல்லது. முடியாவிட்டால் கட்டிய கொத்தின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிவிட்டு, அதன் பின்னர் மிகுதிப் பணத்தைக் கொடுங்கள். நான் போகும் கடையில் வேலை செய்யும் பெண் கொத்துக் கட்டும் விதத்தைப் பார்த்தால், பயணத்துக்கு எது முக்கியம் என்பது விளங்கும். முதலில் தண்டின் கீழ்ப்பாதியில் உள்ள இலைகளை எல்லாம் உருவி எடுப்பார். தண்டை வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தபடியே கத்தியால் சாய்வாக வெட்டுவார். வெளியில் வெட்டினால் காற்று உள்ளே ஏறி நீர் ஓடும் வழியை அடைத்துவிடும். பிறகு நனைத்த பஞ்சைத் தண்டுகளின் அடியில் சுற்றி, அதன் மேல் பொலித்தீன் பையை மாட்டி, இறப்பர் வளையம் போட்டு இறுக்குவார். அலங்காரக் கடதாசியும் நாடாவும் கடைசியில்தான். இந்தப் பஞ்சும் பொலித்தீனும் இல்லாமல் தம்பலகாமத்துக்குப் பூ அனுப்பக் கூடாது. கடையில் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். தூரத்துக்குப் போகிறது என்று சொன்னாலே செய்துகொடுப்பார்கள்.

கொண்டுபோகிறவருக்கு வருவோம். நகரத்திலிருந்து தம்பலகாமம் சுமார் 25 கிலோமீற்றர். கண்டி வீதியில் போய் தம்பலகாமம் சந்தியில் திரும்ப வேண்டும். மோட்டார் சைக்கிளில் கொடுத்து அனுப்பினால் காற்றில் பூ பிய்ந்துவிடும். நகரத்துக்கும் ஊருக்கும் இடையில் வழக்கமாக ஓடும் முச்சக்கரவண்டிக்காரர் ஒருவரைப் பிடியுங்கள். உங்கள் ஊர்க்காரராக இருந்தால் வீட்டைத் தேடவும் வேண்டியதில்லை. வேறொருவர் என்றால், வீட்டு இலக்கமும் தபால் முகவரியும் அவருக்கு உதவாது. கோயில், பாடசாலை, நெல் ஆலை, வாய்க்கால் பாலம் என்று ஊரார் வழி சொல்லும் விதத்திலேயே எழுதிக் கொடுங்கள். அம்மாவின் தொலைபேசி இலக்கத்தோடு பக்கத்து வீட்டு இலக்கத்தையும் கொடுங்கள்; தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் வயதானவர்கள் பலர் எடுப்பதில்லை.

ஓகஸ்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கந்தளாய்க் குளத்து நீரை நம்பிச் செய்த சிறுபோக நெல் அறுவடைக்கு வருகிற காலம் அது. வெட்டு இயந்திரங்களும் நெல் ஏற்றும் உழவு இயந்திரங்களும் வீதியில் இருக்கும். வீதியோரத்தில் நெல் காயும். வீட்டில் உள்ளவர்கள் விடியற்காலையிலேயே வயலுக்குப் போய்விடுவார்கள். அம்மாவே வயலுக்குப் போகாவிட்டாலும், வேலை செய்பவர்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிற வேலையில் இருப்பார். கைநிறைய வேலை இருக்கும்போது கொடுக்கிற பூங்கொத்து ஒரு மூலையில் சாய்த்து வைக்கப்படும். அவர் ஆறுதலாக இருக்கும் நேரம் எது என்பதை உங்கள் தம்பியோ அக்காவின் பிள்ளையோ சொல்வார்கள். ஆச்சரியப்படுத்த வேண்டும் என்பதற்காக எல்லாரிடமும் மறைக்காதீர்கள். ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

பிறந்தநாள் எது என்பதையும் ஒருமுறை உறுதிப்படுத்துங்கள். அடையாள அட்டையில் இருக்கும் திகதி உங்களுக்கு நினைவிருக்கும். அம்மாவோ ஆவணி மாதத்தில் தன் நட்சத்திரம் வருகிற நாளில் கோயிலுக்குப் போகிறவராக இருக்கலாம். அப்படியானால் நட்சத்திரத்தன்று ஊரில் உள்ள ஆதி கோணநாயகர் கோயிலில் அவர் பெயருக்கு ஓர் அர்ச்சனையும் சுவாமிக்கு ஒரு மாலையும் ஒழுங்கு செய்துவிட்டு, திகதியன்று பூங்கொத்தை அனுப்பலாம். மாலைக்கு வெளியூர்ப் பூ தேவையில்லை. நகரத்தில் கோயில்களை அண்டியுள்ள மாலைக் கடைகளில் முதல்நாள் சொல்லிவைத்தால் போதும்.

அடுத்ததை எழுதத் தயங்கினேன், ஆனாலும் சொல்ல வேண்டும். அன்பு மிகுதியில் மல்லிகைச் சரத்தையும் சேர்த்து அனுப்பும்படி சிலர் கேட்பார்கள். கணவரை இழந்த, அந்தத் தலைமுறையைச் சேர்ந்த பெண்கள் பலர் தலையில் பூ வைப்பதில்லை. அந்த வழக்கத்தை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயினும் பிறந்தநாளன்று அதை அவருக்கு நினைவூட்டுவது நம்முடைய வேலையன்று. கையில் ஏந்துகிற பூங்கொத்துக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. எத்தனையோ வருடங்களாகப் பறித்த பூவை எல்லாம் சுவாமிப் படத்துக்கே வைத்துவிட்ட ஒரு பெண்ணுக்கு, அவருக்கென்றே ஒரு கொத்துப் பூ வருவது பெரிய விடயம். அதனால்தான் கேக்கோ சேலையோ போதும் என்று யாராவது சொன்னாலும், பூவைக் கைவிடாதீர்கள் என்பேன்.

நிறத்தில் கவனம் வேண்டும். நகரத்துப் பூக்கடைகளுக்கு மரணவீட்டு மலர்வளையமும் வழக்கமான வேலைதான். தொலைபேசியில் அவசரமாகச் சொன்னால், கையில் இருக்கும் வெள்ளைப் பூக்களைக் கொண்டே கட்டிவிடக்கூடும். பிறந்தநாளுக்கு என்பதை முதல் வசனத்திலேயே சொல்லி, சிவப்பு, மஞ்சள், ஊதா என்று நிறத்தையும் குறிப்பிடுங்கள். வாழ்த்து அட்டையில் அச்சடித்த ஆங்கில வரிகள் வேண்டாம். நீங்கள் தமிழில் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பினால், கடைக்காரர் அதை அப்படியே அச்செடுத்து ஒட்டிவிடுவார். உங்கள் கையெழுத்தை அம்மா அடையாளம் காண்பார்.

நேர வித்தியாசத்தை மறந்துவிடாதீர்கள். ஓகஸ்டில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் இருக்கும். அங்கே வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி என்றால், தம்பலகாமத்தில் சனிக்கிழமை காலை ஐந்தரை. பிறந்தநாளுக்கு முதல்நாள் மாலை வேலை முடிந்து வந்து ஓடர் கொடுக்கலாம் என்று இருந்தால், இங்கே பிறந்தநாள் விடிந்திருக்கும். ஒரு கிழமைக்கு முன்னரே சொல்லி, இரண்டு நாட்களுக்கு முன்னர் நினைவூட்டுங்கள். அந்த மாதங்களில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் பூ போவதால், கடைசி நேரத்தில் கேட்டால் நல்ல பூ மிஞ்சியிருக்காது.

கொத்து வீட்டுக்குப் போனதும் பொலித்தீனைக் கழற்றி, தண்டின் நுனியை ஒரு விரல் அளவு வெட்டி, வாய் அகன்ற செம்பிலோ போத்தலிலோ தண்ணீர் ஊற்றி வைக்கச் சொல்லுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். விறாந்தையில் வாழைக்குலை பழுத்துத் தொங்கினால், பூவை அதற்கு அருகில் வைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பழுக்கிற பழத்திலிருந்து வெளியாகும் எதிலீன் வாயு ஓர்க்கிட்டையும் கார்னேஷனையும் விரைவில் வாட வைத்துவிடும்.